ஓரத்தில் நிற்கும் நடுவர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களுள் ஒன்று புளியறை. சோதனைச் சாவடி, லாரிகள் மூச்சு வாங்கி ஏறும் எஸ் வளைவு, மேலே கோட்டைவாசலில் காவல் நிற்கும் கருப்பசாமி, அதற்கப்பால் ஆரியங்காவு, கேரளம். எல்லை இன்று அங்கே இருக்கிறது. என் பாட்டனார் காலத்தில் அது அங்கே இல்லை. செங்கோட்டை வட்டாரம் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசியோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஓடிய கோடு, 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது மேற்கே மலைமீது ஏறிக்கொண்டது. கோடுகள் நகரும்; கோட்டைக் காப்பவர்கள் மட்டும் எக்காலத்திலும் தேவைப்படுவார்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இக்கட்டுரை அரசியல் எல்லையைப் பற்றியது அன்று. கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் கொடியோடு ஓடும் மனிதரைப் பற்றியது. நெடுங்காலம் லைன்ஸ்மேன் என்று அழைக்கப்பட்டு, 1996 முதல் 'உதவி நடுவர்' என்று பெயர் மாற்றம் பெற்றவர் அவர். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் ஒரு கேள்வி.

என்னிடம் பயின்ற புளியறைப் பக்கத்து மாணவர் ஒருவர் நடுவர் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறார். ஆங்கிலத்தில் உள்ள விதிநூலைக் கொண்டுவந்து பொருள் சொல்லித்தருமாறு கேட்டார். இரண்டு மாலைகள் அமர்ந்து படித்தோம். ஆறாம் விதியை எட்டியபோது அவர் நிமிர்ந்து, "ஐயா, நடுவருன்னா நடுவுல நிக்கவருதான? ஓரத்துல கொடி புடிச்சிட்டு நிக்கவரையும் நடுவருன்னு சொல்லலாமா?" என்றார். தமிழ் வகுப்பில் இப்படியொரு கேள்வி வந்து நெடுநாளாயிற்று. அதற்கு விடை தேடிப் போனதில் ஒரு வரலாறே கிடைத்தது.

*

லண்டனில் 1863-ஆம் ஆண்டு கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டு முதல் விதிகள் எழுதப்பட்டபோது அவற்றில் நடுவர் என்ற சொல்லே இல்லை. ஆடுவோர் அனைவரும் கனவான்கள், கனவான்கள் ஏமாற்ற மாட்டார்கள், தவறு நேர்ந்தால் அணித்தலைவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. நம்பிக்கை அதிக நாள் தாங்கவில்லை. ஒவ்வோர் அணியும் தன் சார்பில் ஓர் அம்பயரை அழைத்துவரும் வழக்கம் ஏற்பட்டது. 1874-இல் அது விதியிலும் இடம்பெற்றது. அம்பயர்கள் இருவரும் நின்றது மைதானத்துக்குள்ளே. ஆட்டக்காரர்கள் முறையிட்டால் மட்டுமே தீர்ப்புச் சொல்வார்கள்; கிரிக்கெட்டில் இன்றும் வழங்கும் முறை இது. இருவரும் ஒத்துப்போகாத நேரங்களுக்காக மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். அவர் மைதானத்துக்கு வெளியே நிற்பார். பிணக்கு அவரிடம் 'அனுப்பப்பட்டது'. அதனால்தான் அவருக்கு ரெஃபரி என்று பெயர். யாரிடம் வழக்கு அனுப்பப்படுகிறதோ அவர் என்பதே அதன் பொருள்.

அம்பயர் என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் 'நோன்பெர்' என்றால் இணையற்றவர், இரட்டையில் சேராதவர், அதாவது ஒற்றையாய் நிற்கும் மூன்றாமவர். ஆங்கிலத்துக்கு வந்தபின் முதலெழுத்தான 'ந' முன்னொட்டோடு ஒட்டிப்போய், அம்பயர் ஆயிற்று. மூன்றாமவர் என்று பொருள்படும் பெயரைச் சுமந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியைச் சேர்ந்தவர்களாக நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை.

1885-இல் இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1888-இல் லீக் போட்டிகள் தொடங்கின. பணம் புகுந்த இடத்தில் கழகத்தின் சொந்த ஆள் சொல்லும் தீர்ப்பை எதிர்க்கழகம் எப்படி ஏற்கும்? 1891 ஜூன் 2 அன்று கிளாஸ்கோவில் கூடிய சர்வதேச விதிக்குழு இரண்டு பெரிய முடிவுகளை எடுத்தது. ஒன்று, அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்ற கோல்காப்பாளர் முன்மொழிந்த பெனால்டி உதை. இன்னொன்று, வெளியே நின்ற ரெஃபரியை உள்ளே அழைத்து, உள்ளே நின்ற அம்பயர்கள் இருவரையும் கோட்டுக்கு வெளியே அனுப்பியது. முறையீட்டுக்குக் காத்திராமல் தீர்ப்பளிக்கும் அதிகாரம் ரெஃபரிக்குக் கிடைத்தது. அம்பயர்கள் லைன்ஸ்மேன்கள் ஆயினர்.

என் மாணவரின் கேள்விக்கு முதல் விடை இதுவே. இன்று நடுவில் நிற்பவர் ஓரத்திலிருந்து வந்தவர். இன்று ஓரத்தில் நிற்பவர் நடுவிலிருந்து அனுப்பப்பட்டவர். நடு என்பது நிற்கும் இடம் அன்று, நிலை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு 'நடுவு நிலைமை' என்று பெயரிட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

*

ஓரத்துக்கு அனுப்பப்பட்டவரின் வேலை எளிதாயிற்றா என்றால் இல்லை. பந்து வெளியே போயிற்றா, யாருக்கு எறிபந்து என்று சொல்வதற்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு இருக்கிறது. ஆனால் அவர் காக்க வேண்டிய மிக முக்கியமான கோடு தரையில் வரையப்படுவதே இல்லை. அதுதான் ஆஃப்சைடு கோடு.

விளையாட்டில் பழக்கமில்லாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரரை நோக்கிச் சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், அவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு எதிரணியினராவது இருக்க வேண்டும். அல்லது கடைசிக்கு முந்தையவருக்கு நேராகவேனும் அவர் நிற்க வேண்டும். பந்தைவிட அவர் முன்னே இருக்கும்போதுதான் இந்தக் கணக்கெல்லாம். அந்தக் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரர் ஓடினால் கோடும் ஓடும், நின்றால் நிற்கும். அது உதவி நடுவரின் கண்ணில் மட்டுமே இருக்கும் கோடு.

எங்கள் ஊர் எல்லையைப் போல இந்த எல்லையும் விதிநூலில் பலமுறை இடம்பெயர்ந்தது. 1866-இல் மூன்று எதிரணியினர் தேவை என்றிருந்தது. 1925-இல் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. மறு பருவத்திலேயே இங்கிலாந்து லீகில் கோல்களின் எண்ணிக்கை 4,700-லிருந்து 6,373-ஆகத் தாவியது. 1990-இல் 'நேராக நின்றால் பிழையில்லை' என்று தளர்த்தப்பட்டது. ஒரு சொல்லை மாற்றினால் விளையாட்டே மாறுகிறது. சட்டத்தின் வலிமை அது.

பின்னாளில் ஃபிஃபாவின் தலைவரான ஸ்டான்லி ரூஸ் 1930-களில் பரப்பிய மூலைவிட்ட முறைப்படி, நடுவர் மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கி ஓடுவார். உதவி நடுவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஆளுக்கு ஒரு பாதியைக் காப்பார்கள். நடுவரும் உதவி நடுவரும் ஆட்டத்தை இருபுறமிருந்தும் பார்க்கும் ஏற்பாடு இது.

ஆனால் மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. தாக்குபவர் முன்னோக்கியும் தடுப்பவர் எதிர்த்திசையிலும் நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் ஓடினால், நொடியின் பத்தில் ஒரு பங்கில் இருவருக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் மாறிவிடும். உதைக்கும் காலையும் ஓடும் ஆளையும் ஒரே கணத்தில் பார்க்கவும் முடியாது. ஆகவே தேர்ந்த உதவி நடுவர்கள் கண்ணைக் கோட்டின்மீது வைத்து, உதையின் ஒலியைக் காதால் கேட்டுக் கணிக்கப் பழகுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தவறுகளுக்கு முக்கியக் காரணம் கவனக்குறைவு அன்று, நிற்குமிடம் என்று காட்டியது. கோட்டுக்கு நேராக நில்லாமல் சற்று விலகி நின்றாலும் கோணம் மாறி, சரியாக நிற்பவர் பிழையாகவும் பிழையாக நிற்பவர் சரியாகவும் தோன்றுவார். நேர்மையான கண்ணும் தவறான இடத்திலிருந்து பார்த்தால் தவறாகவே பார்க்கும்.

*

ஓரத்து மனிதரை உலகம் திரும்பிப் பார்த்த நாள் ஒன்று உண்டு. 1966 ஜூலை 30, லண்டன் வெம்பிளி. உலகக்கோப்பை இறுதியாட்டம், இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2. கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? ஸ்விட்சர்லாந்து நடுவர் காட்ஃபிரீட் டீன்ஸ்ட்டுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் நின்ற தோஃபிக் பஹ்ராமோவிடம் ஓடினார். பஹ்ராமோவ் தலையசைத்தார்; கோல். ஆட்டம் 4-2 என முடிந்தது. அந்தப் பந்து முழுமையாகக் கோட்டைத் தாண்டியதா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. சோவியத் ஒன்றியத்தின் சார்பில் வந்ததால் 'ரஷ்ய லைன்ஸ்மேன்' என்றே ஆங்கிலேயர் அவரைக் குறிப்பிட்டனர். அவர் அஜர்பைஜானியர். பாகு நகரத்து மைதானத்துக்கு இன்று அவர் பெயர். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. ஆட்டக்காரருக்குச் சிலை வைக்கும் உலகில் ஒரு லைன்ஸ்மேனுக்குச் சிலை அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பஹ்ராமோவ் தொழிலால் லைன்ஸ்மேன் அல்லர், நடுவர். அக்காலத்தில் உலகக்கோப்பைக்குச் சென்ற நடுவர்களே முறை வைத்து ஒருவருக்கொருவர் கொடி பிடித்தார்கள். 1994-இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில்தான் இதற்கெனவே பயின்றவர்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அன்றிலிருந்து ஓரம் தனித்துறை ஆயிற்று; இரண்டாண்டுகளில் பெயரும் மாறிற்று.

அந்த மாற்றம் திறந்த கதவு வழியாகத் தமிழர் ஒருவர் உள்ளே சென்றார். 2002-இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக்கோப்பைக்கு நடுவர்கள் 36 பேரும் உதவி நடுவர்கள் 36 பேரும் தேர்வாயினர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். உலகக்கோப்பையில் பணியாற்றிய முதல் இந்தியர் அவர். இந்திய அணி உலகக்கோப்பையில் ஒருமுறைகூட ஆடியதில்லை. இந்தியர் ஒருவர் கொடியோடு அங்கே ஓடினார். சிங்கப்பூரின் விஸ்வா கிருஷ்ணன், மாலத்தீவின் முகமது சயீத் என அணி இல்லாத நாடுகளின் உதவி நடுவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தனர். நம் விளையாட்டுப் பக்கங்கள் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்கை அவருக்குத் தந்திருந்தால், சங்கரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.

அதன்பின் அந்தக் கதவு சுருங்கியது. அதே 2002-இல் ஸ்பெயின் - தென்கொரியா காலிறுதியில் பந்து வெளியே போய்விட்டது என்று உயர்ந்த கொடி ஸ்பெயினின் கோல் ஒன்றைப் பறித்தது. நடுவர் எகிப்தியர், உதவி நடுவர்கள் உகாண்டா நாட்டவர் ஒருவரும் டிரினிடாட் நாட்டவர் ஒருவரும். முன்பின் சேர்ந்து பணியாற்றாதவர்களை ஒரே ஆட்டத்தில் நிறுத்துவது சரியா என்ற கேள்வி எழுந்தது. 2006 முதல் ஒரே நாட்டையோ ஒரே வட்டாரத்தையோ சேர்ந்த மூவரைக் குழுவாக அனுப்பும் முறை வந்தது. நியாயமான மாற்றமே. ஆனால் அதன் விளைவாக, உலகத்தரம் வாய்ந்த நடுவர் ஒருவர் உன் நாட்டிலோ அண்டையிலோ இல்லையென்றால், உன் கொடி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை என்றாயிற்று. 2006, 2010, 2014, 2018, 2022 ஆகிய ஐந்து ஆடவர் உலகக்கோப்பைகளில் இந்தியர் எவரும் இல்லை. ஓரத்தில் நிற்பவரின் வளர்ச்சி நடுவில் நிற்பவரின் வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

*

புளியறை இளைஞர் ஒருவர் இந்தப் பாதையில் ஏற விரும்பினால் படிகள் எவை? மாவட்டச் சங்கத்தின் வழியாகத் தேர்வெழுதி உள்ளூர்ப் போட்டிகளில் பழக வேண்டும். அடுத்து மாநிலத் தேர்வு, அதன்பின் அகில இந்தியக் கூட்டமைப்பின் தேசிய நடுவர் தேர்வு. எழுத்து, உடற்தகுதி, களப்பணி மூன்றிலும் தேற வேண்டும். தேசிய நடுவர்களுள் சிலரைக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் ஃபிஃபாவின் பட்டியலுக்குப் பரிந்துரைக்கும். நடுவருக்குக் குறைந்தது 25 வயது, உதவி நடுவருக்கு 23. அந்தச் சின்னம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்; அடுத்த ஆண்டு மறுபடியும் நிரூபிக்க வேண்டும்.

சர்வதேச உடற்தகுதித் தேர்வும் லேசானதன்று. பத்து மீட்டர் முன்னோக்கி, எட்டு மீட்டர் பக்கவாட்டில், மறுபடி எட்டு மீட்டர் எதிர்ப்பக்கமாக, பின் பத்து மீட்டர் முன்னோக்கி என்ற ஓட்டத்தை ஆடவர் பத்து நொடிக்குள் முடிக்க வேண்டும். முப்பது மீட்டரை 4.7 நொடிக்குள் ஐந்து முறை ஓட வேண்டும். அதற்குமேல் 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 20 நொடியில் நடந்து, இப்படி நாற்பது முறை. பக்கவாட்டு ஓட்டம் ஏன் என்றால், ஆட்டத்துக்கு முகம் காட்டியபடியே கோட்டோடு நகர்வதுதான் இவருடைய தொழில். எல்லைக் காவலுக்கு முதுகு காட்டக்கூடாது.

மாநிலத்தில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016-ஆம் ஆண்டுக்கான ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். அதே 2016-இல் கோவாவைச் சேர்ந்த உவேனா ஃபெர்னாண்டஸ் ஜோர்டானில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையில் உதவி நடுவராகப் பணியாற்றினார். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் ஜெர்மனி - கோஸ்டாரிகா ஆட்டத்தை பிரான்சின் ஸ்டெஃபனி ஃபிராப்பார், பிரேசிலின் நெயுசா பாக், மெக்சிகோவின் கரேன் டியாஸ் மெதினா என்னும் பெண்கள் மூவர் நடத்தினர். ஆடவர் உலகக்கோப்பையில் அதற்குமுன் நிகழாதது அது.

அதே கத்தாரில்தான் இன்னொன்றும் நிகழ்ந்தது. மைதானக் கூரையடியில் பொருத்திய 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த கருவி உதைபட்ட கணத்தைப் பதிவு செய்தது. கண்ணில் மட்டும் இருந்த கோட்டை இயந்திரம் திரையில் வரைந்து காட்டியது. ஐயத்துக்குரிய தருணங்களில் உதவி நடுவர் உடனே கொடியை உயர்த்தாமல் ஆட்டம் முடிவுக்கு வரும்வரை காத்திருக்கப் பணிக்கப்படுகிறார். அப்படியானால் இனி இவர் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேமராக்கள் பன்னிரண்டு வைக்கும் மைதானங்கள் உலகில் எத்தனை? செங்கோட்டையிலும் தென்காசியிலும் பள்ளி மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு இன்றும் ஒரு ஜோடிக் கண்களே எல்லை.

*

கட்டுரையை முடிக்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளி நாட்களில் ஒரு கோடை விடுமுறையின்போது, அறுவடை முடிந்த வயலில் மலைக்கு அப்பாலிருந்து வந்த பையன்களோடு எங்கள் பையன்கள் ஆடினார்கள். ஓட்டத்தில் நான் மட்டம். ஆகவே எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன் நான். கையில் கொடிக்குப் பதில் சிவப்புத் துண்டு. அவர்கள் பக்கத்துக்கு அவர்களில் ஒருவன். அணிக்கு ஒருவர் என்ற 1874-ஆம் ஆண்டின் முறையை, அதை அறியாமலே நாங்கள் பின்பற்றிக்கொண்டிருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் பையன் எல்லாரையும் தாண்டித் தனியே நின்றான். பந்து அவனுக்கு வந்தது. நான் தெளிவாகப் பார்த்தேன். துண்டை உயர்த்தவில்லை. கோல் விழுந்தது, வென்றோம், என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளாதது ஒன்றுதான் குறை. எதிர்ப்பக்கத்து லைன்ஸ்மேன் என்னைப் பார்த்த பார்வை முப்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கிளாஸ்கோவில் 1891-இல் கூடியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை நூல்களில் படிக்கும் முன்பே நான் அறிந்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் அஞ்சியது கெட்டவர்களுக்காக அல்ல. தன் ஊரை நேசிக்கும் சாதாரண மனிதனுக்காகத்தான்.

இதை மாணவரிடமும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஊரு ஆட்டத்துக்கு என்னைய கொடி புடிக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லிருவேன் ஐயா. வேற ஊரு ஆட்டத்துக்குப் போறேன்" என்றார். விதிநூலின் ஆறாம் விதியை நான் அவருக்குப் புரியவைத்தேனா, அவர் எனக்குப் புரியவைத்தாரா என்று தெரியவில்லை. அடுத்த மாலை ஆஃப்சைடைப் பற்றிய பதினொன்றாம் விதியைப் படிப்பதாக இருக்கிறோம்.